விலை கேட்கும் முன் பெட்டியின் அளவைக் கேளுங்கள்

என் கடையின் பின்னறையில் ஓர் அட்டைப் பெட்டியை எறியாமல் வைத்திருக்கிறேன். 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம். ஆரி வேலைப்பாட்டுக்கான பாசிகளைப் பிரித்து வைக்கும் பிளாஸ்டிக் டப்பாக்கள் அதில் வந்தன. டப்பாவுக்கு 24 அறைகள், எல்லா அறையும் காலி. பெட்டியோடு சேர்த்து எடை 4 கிலோ. கொரியரில் என்னிடம் வாங்கிய கட்டணமோ பத்தொன்பதரை கிலோவுக்கு.

அதே நாளில், அதே ஊரிலிருந்து, வேறொரு வியாபாரி அனுப்பிய இன்னொரு பெட்டியும் வந்து இறங்கியது. அது சின்னது. 30, 25, 20. உள்ளே கண்ணாடிப் பாசி. எடை 15 கிலோ, கட்டணமும் 15 கிலோவுக்கே.

அன்று கடையைப் பூட்டிய பிறகு இரண்டு பெட்டிகளையும் பிரித்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். சுகர் பீட்ஸ் என்று நாங்கள் சொல்லும் அந்தப் பொடிக் கண்ணாடிப் பாசியின் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காலி டப்பாக்களுக்குள் வைத்தேன். பாதி டப்பாக்கள் நிரம்புவதற்குள் பாசி முழுவதும் அடங்கிவிட்டது. டப்பாக்களைத் திரும்பவும் பெரிய பெட்டியில் அடுக்கி மூடினேன். தராசில் வைத்தால் 19 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அளவு அதே 60, 40, 40. இப்படி ஒரே பெட்டியாக வந்திருந்தால் மொத்தக் கட்டணமும் பத்தொன்பதரை கிலோவுக்குள் முடிந்திருக்கும். நான் கட்டியது முப்பத்து நாலரை கிலோவுக்கு. கிலோ 650 ரூபாய் என்ற விலையில் 9,750 ரூபாய் வீண். அந்த மாத லாபத்தில் அது பெரிய துண்டு.

கோயம்புத்தூரில் ஆரி, எம்பிராய்டரி சாமான்கள் விற்கும் சிறு கடை என்னுடையது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே ரவிக்கைக்கு வேலைப்பாடு செய்து கொடுக்கும் பெண்கள். ஒரு பாசிப் பொட்டலத்தில் இரண்டு ரூபாய் கூடினாலும் அவர்கள் உடனே கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஒரு ரவிக்கைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை பேசி வேலை எடுப்பவர்கள் அவர்கள். சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கு வரவழைக்கத் தொடங்கியதிலிருந்து நான் கற்றுக்கொண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சிறு அளவில் இறக்குமதி செய்ய நினைக்கும் பெண்கள் பலர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கொரியர் மலிவு?" என்பதுதான். அந்தக் கேள்வியில் மிச்சமாகும் பணம் சொற்பம். பெரிய பணம் நிற்கும் இடம், அனுப்புகிறவரின் கிடங்கில் சரக்கைப் பெட்டியில் அடுக்கும் மேசை.

கணக்கு இதுதான். எக்ஸ்பிரஸ் கொரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பார்கள். வருவது கன அளவு எடை. உண்மையான எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். விமானத்தின் வயிற்றில் இடமும் தீரும், எடையும் தீரும், எது முதலில் தீர்கிறதோ அதற்கு விலை. ஆகவே இந்த முறையில் அநியாயம் எதுவும் இல்லை. என் டப்பாப் பெட்டியில் 96,000 கன சென்டிமீட்டர். 5,000 ஆல் வகுத்தால் 19.2. அரை கிலோ படிகளாக மேல்நோக்கித்தான் திருத்துவார்கள் என்பதால் 19.5 ஆகிவிட்டது. இதே பெட்டி கொரியராக வராமல் விமானச் சரக்காக வந்தால் வகுக்கும் எண் 6,000. அப்போது அது 16 கிலோ.

இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் சரக்கைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. கண்ணாடிப் பாசி கனமான சரக்கு, டப்பாவும் பஞ்சும் வலைத்துணியும் இடத்தை அடைக்கும் சரக்கு. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்து வைத்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். தனித்தனிப் பெட்டிகளாக ஒரே ரசீதில் வந்தால் போதாதா என்று கேட்கலாம். பெட்டி பெட்டியாகத் தனிக் கணக்குப் பார்க்கும் கொரியர்கள் உண்டு. அங்கே அது உதவாது. ஒரே அட்டைக்குள் இருக்க வேண்டும். அட்டை ஐந்து மடிப்பு உள்ளதாக இருக்கட்டும். 19 கிலோவை மூன்று மடிப்பு அட்டை தாங்காமல் மூலையில் கிழிந்தால் பாசி வழியெல்லாம் சிந்தும். இன்னொன்றும் முக்கியம். டப்பாவுக்குள் பாசி இருப்பது இன்வாய்ஸிலும் பேக்கிங் லிஸ்டிலும் தனி வரியாக, அந்தப் பொருளுக்குச் சுங்கம் வைத்திருக்கும் தீர்வை எண்ணோடு இருக்க வேண்டும். கண்ணாடிப் பாசிக்கு 7018 என்று தொடங்கும் எண். எழுதாமல் உள்ளே வைத்தால் அது மறைத்து வைத்ததாகிவிடும்.

அடுத்து, பெட்டிக்குள் இருக்கும் பெட்டி. சமிக்கி வாங்கினால் பத்துப் பொட்டலத்துக்கு ஒரு சிறிய அட்டைக் கூடு, அதன் மேல் படம் போட்ட அட்டை என்று அனுப்புவார்கள். நான் விற்பது என் கடையின் பையில் போட்டுத்தான். அந்தக் கூடுகளை நேராகக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன், அவை பிடித்த இடத்துக்குக் கட்டணமும் கட்டிக்கொண்டிருந்தேன். "கூடு வேண்டாம், பொட்டலம் மட்டும் போதும்" என்று ஒரு வரி எழுதினேன். மறுமுறை பெட்டியின் உயரம் ஒரு சாண் இறங்கியது. நூல் வாங்கும்போதும் இப்படியே. சின்னச் சின்ன ரீல்களில் சுற்றி வரும் நூலுக்கு நடுவே இருக்கும் காலி இடத்தை எண்ணிப் பாருங்கள். அதே நூல் ரீலில் சுற்றாமல் சிட்டமாகவும் கிடைக்கும்.

இப்போதெல்லாம் புதிய விற்பனையாளர் யாரிடம் பேசினாலும் முதலில் கேட்பது விலையை அல்ல. "உங்கள் பெட்டியின் அளவு என்ன, ஒரு பெட்டியில் எத்தனை, மொத்த எடை எவ்வளவு?" இந்த மூன்றையும் வாங்கிக்கொண்டால் அடக்க விலையை நானே போட்டுவிடுவேன். ஒரு டப்பா 40 ரூபாய் என்பவரைவிட 46 ரூபாய் என்பவர் மலிவாக முடிந்திருக்கிறார், அவருடைய டப்பாக்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகும்படி வார்க்கப்பட்டிருந்ததால்.

படிகளையும் கவனிக்க வேண்டும். சீனாவில் உள்ள சரக்கு ஏஜென்ட்கள் விலை சொல்லும்போது 21 கிலோவுக்கு மேல் ஒரு விலை, 45க்கு மேல் ஒன்று, 100க்கு மேல் ஒன்று என்று சொல்வார்கள். 19 கிலோவில் நின்றுகொண்டிருக்கும்போது இன்னும் இரண்டு கிலோ சேர்த்தால் மொத்தத் தொகையே குறைந்துவிடும் தருணங்கள் உண்டு. எப்படியும் விற்றுத் தீரும் சரக்காக நாலைந்தை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளை சுகர் பீட்ஸ், தங்க நிற கட் பீட்ஸ் போன்றவை. படியை எட்டக் கொஞ்சம் குறையும்போது அந்தத் தாளிலிருந்து சேர்ப்பேன். விற்குமா என்று தெரியாத புது நிறத்தை இதற்காகச் சேர்க்கக் கூடாது. மிச்சம் பிடித்த கட்டணம் அலமாரியில் தூசியாகிவிடும்.

நான் வாங்குவதில் பெரும்பகுதி செஜியாங் மாகாணத்தின் யிவூ நகரத்திலிருந்து. ஊசி முதல் உலக்கை வரை எல்லாவற்றுக்கும் மொத்த வியாபாரம் நடக்கும் ஊர் அது. அங்கே ஒருவரிடம் பாசி, இன்னொருவரிடம் டப்பா, மூன்றாமவரிடம் குந்தன் கல் என்று வாங்கி, மூன்று பேரும் தனித்தனியாக எனக்கு அனுப்பியதுதான் ஆரம்ப காலத்தில் நான் செய்த பெருந்தவறு. வெளிநாட்டு கொரியரில் முதல் அரை கிலோவின் விலைதான் மிக அதிகம். அதை மூன்று முறை கட்டினேன். சுங்கத்தில் ஆவணம் போடும் செலவு மூன்று முறை. இப்போது மூவரும் யிவூவிலேயே இருக்கும் ஓர் ஏஜென்டின் கிடங்குக்கு அனுப்புகிறார்கள். சீனாவுக்குள் கொரியர் மிக மலிவு. ஏஜென்ட் எல்லாவற்றையும் பிரித்து, எண்ணி, ஒரே பெட்டியாகக் கட்டி அனுப்புகிறார். உடைந்ததும் குறைந்ததும் அங்கேயே தெரிந்துவிடுகிறது என்பது கூடுதல் நன்மை. இங்கே வந்தபின் தெரிந்தால் திருப்பி அனுப்புவது நடக்கிற காரியம் இல்லை.

கடல் வழியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். சிறு வியாபாரிகள் அதிகம் அடிபடுவது இங்கேதான்.

ஒரு தீபாவளிக்கு முன்பு 1.3 கன மீட்டர் அளவுக்குச் சரக்கு சேர்ந்தது. விற்பனையாளர் ஒருவர், "கப்பல் கட்டணத்தையும் சேர்த்து சென்னை வரை நாங்களே அனுப்புகிறோம், கூடுதலாக 20 டாலர் மட்டும் கொடுங்கள்" என்றார். சி.ஐ.எஃப். சென்னை, அதாவது சென்னை வரையிலான கப்பல் கட்டணமும் காப்பீடும் விலையில் சேர்ந்தது என்று இன்வாய்ஸ் வந்தது. 20 டாலருக்குக் கடல் தாண்டி வருகிறதே என்று மகிழ்ந்து சரி என்றேன். சரக்கு சென்னைக்கு வந்தது. இங்குள்ள ஏஜென்டிடமிருந்து ஒரு பில்லும் வந்தது. டெலிவரி ஆர்டர் கட்டணம், முனையத்தில் கையாளும் கட்டணம், சரக்குப் பிரிக்கும் கட்டணம், ஆவணக் கட்டணம், இன்னும் பெயர் புரியாத நாலைந்து வரிகள். கூட்டினால் 23,000 ரூபாய்க்கு மேல். சுங்க வரியும் அங்கிருந்து கோவைக்கு லாரி வாடகையும் இதில் சேராது. கட்டாமல் டெலிவரி ஆர்டர் கிடைக்காது, டெலிவரி ஆர்டர் இல்லாமல் சரக்கு வெளியே வராது. நான் பேசிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் கிடங்கு வாடகை ஏறிக்கொண்டிருந்தது. கட்டினேன்.

பிறகு எனக்கு அறிமுகமான, சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஒருவர்தான் இதன் உள்விவகாரத்தை விளக்கினார். வயதில் மூத்தவர், அண்ணா என்றுதான் அழைப்பேன். "அம்மா, உங்களுக்கு அந்த 20 டாலர் மலிவாகத் தெரிந்தது. சீனாவில் பல பேருடைய சரக்கைச் சேர்த்து ஒரே கன்டெய்னரில் அடுக்குகிறவர்களுக்குள் கடும் போட்டி. கன்டெய்னரை நிரப்ப வேண்டும் என்பதற்காகக் கப்பல் கட்டணமே வாங்காமல் எடுத்துக்கொள்வார்கள். சில நேரம் சரக்குக் கொடுப்பவருக்கு இவர்களே பணம் கொடுப்பதும் உண்டு. அந்த நஷ்டத்தை இறங்கும் துறைமுகத்தில் உங்களிடம் வசூலிப்பார்கள். அங்கே விற்பனையாளரைப் பிடித்தால்தான் அவர்களுக்குச் சரக்கு. இங்கே நீங்கள் அவர்களை விட்டு எங்கேயும் போக முடியாது" என்றார்.

அவர் சொன்ன வழியைத்தான் அன்றிலிருந்து கடைப்பிடிக்கிறேன். கடலில் வரும் சரக்கை எஃப்.ஓ.பி. விலையில் வாங்குவது. அதாவது, சீனத் துறைமுகத்தில் கப்பலேற்றும் வரை அவர்கள் பொறுப்பு, அதன் பிறகு என் பொறுப்பு. யிவூ சரக்கு என்றால் பெரும்பாலும் நிங்போ துறைமுகம். கப்பலுக்கு ஏற்பாடு செய்கிறவர் நான் இங்கே தேர்ந்தெடுத்த ஃபார்வர்டர். அவரிடம் கப்பல் கட்டணத்தை மட்டும் கேட்பதில்லை. சென்னையில் டெலிவரி ஆர்டர் கையில் வரும் வரை ஆகும் எல்லாக் கட்டணமும் வரி வரியாக எழுத்தில் வேண்டும் என்று கேட்பேன். கப்பல் கட்டணம் 20 டாலருக்குப் பதில் 60 டாலர் ஆகிறது. மொத்தம் பாதிக்குக் கீழே வருகிறது.

கடலில் எப்போது கொண்டுவரலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கன மீட்டர் அல்லது 1,000 கிலோ, எது அதிகமோ அதற்குக் கட்டணம். பெரும்பாலும் ஒரு கன மீட்டருக்குக் குறைவாக இருந்தாலும் ஒரு கன மீட்டராகவே எடுத்துக்கொள்வார்கள். டெலிவரி ஆர்டர், கிளியரிங் ஏஜென்ட் சம்பளம் போன்றவை ஒரு பெட்டிக்கும் ஒன்றுதான், இருபது பெட்டிக்கும் ஒன்றுதான். ஆகவே 30 கிலோ, 40 கிலோவைக் கடலில் போடுவதில் பொருளில்லை. என் வியாபாரத்தில் ஒரு கன மீட்டரைத் தொட்டால்தான் கடலைப் பற்றியே யோசிப்பேன். மரப் பலகை மேல் கட்டி அனுப்புவதாக இருந்தால் அந்த மரத்தில் பூச்சி நீக்கிய முத்திரை இருக்கிறதா என்று படம் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

ஒரு கன மீட்டரை எட்டுவதற்கு எனக்குக் கைகொடுத்தவர்கள் ஈரோட்டிலும் திருப்பூரிலும் இதே தொழில் செய்யும் இரண்டு சகோதரிகள். மூவரும் போட்டியாளர்கள்தாம். ஆனாலும் வெள்ளைப் பாசியில் போட்டி போட்டு யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று மூவருக்கும் தெரியும். இப்போது வருடத்துக்கு இரண்டு முறை சேர்ந்து வரவழைக்கிறோம். ஐ.இ.சி. என்னும் என் இறக்குமதி-ஏற்றுமதி எண்ணில் (பேச்சில் உரிமம் என்போம்), என் பெயரில் வருகிறது. வந்த பிறகு அவர்கள் பங்கை ஜி.எஸ்.டி. பில் போட்டு அவர்களுக்கு விற்றுவிடுகிறேன். பில் இல்லாமல் பங்கு பிரிப்பது வேண்டாம். உரிமத்தை இன்னொருவருக்கு இரவல் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். அந்த உரிமம் வாங்குவது கடினமும் அல்ல. இணையத்தில் விண்ணப்பித்து 500 ரூபாய் கட்டினால் கிடைக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் விவரங்களைச் சரிபார்த்துப் புதுப்பிக்க மறந்தால் முடங்கிவிடும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வரியும் கட்டணத்தோடு பின்னிக் கிடக்கிறது. சுங்க வரி, சரக்கின் விலைக்கு மட்டும் அல்ல. கொண்டுவரும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்கு. எனவே கட்டணத்தைக் குறைத்தால் வரியும் குறையும். ஆனால் விமானத்தில் வரும் சரக்குக்கு ஒரு சலுகை சட்டத்திலேயே இருக்கிறது, பலருக்குத் தெரியாது. உண்மையில் எவ்வளவு கட்டியிருந்தாலும், வரிக்காகச் சேர்க்கும் கொண்டுவரும் செலவு எஃப்.ஓ.பி. விலையில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சரக்கு 60,000 ரூபாய், கட்டணம் 21,000 என்று வைத்துக்கொள்வோம். சேர்க்க வேண்டியது 12,000 மட்டுமே. காப்பீட்டுக்கு ஆவணம் இல்லையென்றால் 1.125 விழுக்காடு, அதாவது 675 ரூபாய். வரி 72,675 ரூபாய்க்குத்தான். விற்பனையாளர் சரக்கையும் கட்டணத்தையும் கலந்து 81,000 என்று ஒரே வரியில் இன்வாய்ஸ் போட்டுவிட்டால் இந்தச் சலுகையைக் கேட்கவே வழியில்லாமல் போய்விடும். அதனால் இரண்டையும் தனித்தனி வரியில் போடச் சொல்லுங்கள். கடல் சரக்கில் இதற்கு நேர்மாறான ஆபத்து உண்டு. அங்கே உண்மைக் கட்டணம் 20 விழுக்காட்டைவிட மிகக் குறைவாக இருக்கும். அதற்குச் சான்று காட்டாவிட்டால் 20 விழுக்காடு என்று வைத்துக் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

கொரியரில் வரும்போது உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணையும் உரிம எண்ணையும் பெட்டி கிளம்புவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதி ஆவணத்தில், உங்கள் எண் இருந்தால், இறக்குமதியின்போது கட்டிய ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக உங்கள் ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அது செலவுக் கணக்கில் போய்விடும். இதைத் தவறவிட்ட ஒரே ஒரு முறையில் எனக்குப் போன தொகை, நான் அந்த ஆண்டு முழுவதும் கட்டணத்தில் பேரம் பேசி மிச்சப்படுத்தியதைவிட அதிகம்.

மலிவு என்று சொல்லி வரும் இன்னொரு வழியைப் பற்றிக் கடுமையாகவே எழுதுகிறேன். "கிலோவுக்கு இவ்வளவு, வீட்டு வாசலுக்கு வந்துவிடும், உரிமம் வேண்டாம், வரி வேண்டாம், எல்லாம் எங்கள் பொறுப்பு" என்று அழைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சரக்குக்கு உங்கள் பெயரில் பில் ஆஃப் என்ட்ரி இருக்காது. எந்தப் பெயரில், என்ன பொருளென்று எழுதிக் கொண்டுவந்தார்கள் என்றும் தெரியாது. பிடிபட்டால் பெட்டியும் போகும், கொடுத்த பணமும் போகும், கேட்பதற்கு ஒரு தாள்கூட உங்கள் கையில் இருக்காது. விற்பனையாளர்கள் நல்லெண்ணத்தோடு "பரிசுப் பொருள் என்று எழுதட்டுமா, விலையைக் குறைத்துப் போடட்டுமா?" என்று கேட்பதும் உண்டு. பரிசுக்கு இருந்த 5,000 ரூபாய் விலக்கையே 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். விலையைக் குறைத்து எழுதுவது குற்றம். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள்.

ஜப்பான் பாசியின் கணக்கு வேறு. மியூக்கி, டோஹோ என்ற இரண்டு பிராண்டுகளும் ஹிரோஷிமா பகுதியில் தயாராகின்றன. அளவில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் வித்தியாசம் காண முடியாது, அதனால் விலையும் அதிகம். ஒரு முறைக்கு இரண்டு மூன்று கிலோதான் வாங்குவேன். அதற்கு ஜப்பான் அஞ்சல் நிறுவனத்தின் இ.எம்.எஸ். என்னும் விரைவு அஞ்சல் போதும். அங்கே கன அளவு எடை பார்ப்பதில்லை, தராசு காட்டும் எடைதான். இடத்தை அடைக்கும் லேசான பொருளுக்கு இது இன்னும் பொருத்தம். ஆனால் இங்கே வெளிநாட்டு அஞ்சல்களைக் கையாளும் அஞ்சலகத்தில் சுங்கச் சோதனை முடிந்து வர நாளாகலாம். முகூர்த்தத் தேதி குறித்த வேலைக்கு இதை நம்பி இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட விலை உயர்ந்தது அவசரம். தை மாதமும் ஆவணியும் எங்களுக்கு ரவிக்கை வேலை குவியும் காலம். சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும். அதற்கு முன்பு எல்லோரும் சரக்கை அனுப்ப அடித்துக்கொள்வதால் கட்டணம் ஏறும், பிறகு வாரக்கணக்கில் கிடங்குகள் பூட்டிக் கிடக்கும். தையில் விற்க வேண்டியதை ஐப்பசியிலேயே கேட்டுவிட்டால் கப்பலில் நிதானமாக வரும். மார்கழிக் கடைசியில் விழித்துக்கொண்டால் கொரியர்தான், அவர்கள் சொல்வதுதான் விலை. என் நாட்காட்டியில் ஐப்பசி முதல் வாரத்தையும் வைகாசி முதல் வாரத்தையும் சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறேன்.

யிவூக் கிடங்கில் என் பெட்டியைக் கட்டும் பெண்ணுக்கு என் பழக்கம் தெரிந்துவிட்டது. முன்பெல்லாம் நான் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இப்போது ஒட்டுவதற்கு முன் பெட்டியின் மேல் அளவு நாடாவை வைத்து மூன்று படம், தராசின் மேல் வைத்து ஒரு படம் என்று தானாகவே அனுப்பிவிடுகிறார். நேற்று மாலை வந்த படத்தில் 58, 38, 36. வகுத்தால் 15.9, கட்டணம் 16 கிலோவுக்கு. தராசில் 15.1. மூடி இன்னும் ஒட்டப்படவில்லை, ஓரத்தில் இரண்டு விரல் இடம் தெரிந்தது. தாம்பிர நிற சுகர் பீட்ஸ் எட்டுப் பொட்டலம், நூறு நூறு கிராம், அந்த ஓரத்தில் செருக முடியுமா என்று எழுதினேன். கூடவே இன்வாய்ஸையும் திருத்தச் சொன்னேன். இன்று காலை கடை திறக்கும் முன் பதில் படம் வந்திருந்தது. 15.9 கிலோ, அளவு அப்படியே.